குருவானவர் இல்லாத ஊருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்

பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி வரும். அங்கே புனித பிலிப்பு நேரியாரின் பெயரில் ஒரு கோவில் இருக்கிறது. தீவகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் என்னை யோசிக்க வைக்கும். பிலிப்பு நேரியார் 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்த குரு. தெருவில் திரிந்த சிறுவர்களையும் இளைஞர்களையும் கூட்டிச் செபிக்கப் பழக்கியவர். ஒறற்றோரியன் எனப்படும் குருக்கள் சபை அவர் வழியில் உருவானது. அந்தச் சபைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இருக்கும் உறவு ஒரு மனிதரால் வந்தது. அவர்தான் யோசப் வாஸ் அடிகளார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கோவிலில் அல்ல, ஊர்காவற்றுறையில் மாமி வீட்டு விறாந்தையில். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம். மாமி தன் நான்கு வயதுப் பேத்திக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை நெற்றியைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது, பிறகு எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் நின்றது. மாமி பின்னால் இருந்து அந்தக் கையைப் பிடித்து இடது தோளுக்குக் கொண்டுபோனார். புத்தகம் இல்லை, பாடம் இல்லை. மூன்றாம் முறை பிள்ளை தானாகவே போட்டது.

எனக்கும் இப்படித்தான் அம்மம்மா பழக்கினார். அவருக்கு அவருடைய அம்மம்மா. இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், குருமாரும் கோவிலும் இல்லாத ஒரு நீண்ட காலம் குறுக்கே வருகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குக் கிட்டிய காலம். அந்த இடைவெளியில் சங்கிலி ஏன் அறுந்துபோகவில்லை என்பதுதான் என் கேள்வி.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம் என்று மாறின. நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த டெல்வ்ட் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்களோடு சமயத்தையும் மாற்ற முனைந்தார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது.

போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1672இல் நூல் வெளியிட்ட ஒல்லாந்தப் போதகர் பல்டேயஸ், யாழ்ப்பாணக் கோவில்களையும் பள்ளிக்கூடங்களையும் ஊர் ஊராக விவரித்திருக்கிறார். பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு செபம் மனப்பாடம் என்பதெல்லாம் அந்த ஆட்சிக்கு முக்கியம். கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் தமிழில் ஒப்புவிக்க வேண்டும். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம். ஞானஸ்நானம் பதியப்படாவிட்டால் திருமணத்தைப் பதிய முடியாது, சொத்துரிமையும் சிக்கலாகும். சைவக் குடும்பங்களும் இதற்குள் அகப்பட்டன. அதற்கு முன் போர்த்துக்கேயர் காலத்தில் தங்கள் கோயில்கள் இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் ஒரு செபம், இரவில் வீட்டில் இன்னொரு வழிபாடு என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவர்கள் எல்லாச் சமயத்தவரிலும் இருந்தார்கள்.

பல்டேயஸ் அக்கறையில்லாத மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். தமிழைப் படிக்க முயன்றார், ஊர் ஊராகப் போனார், கண்டதை எழுதிவைத்தார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த செபத்தின் பின்னால் ஒரு பதிவேடு இருந்தது. பதிவேட்டின் பின்னால் கோட்டை இருந்தது.

இப்படியான ஒரு நாட்டுக்குள்தான் 1687இல் கூலியாளின் உடையில் யோசப் வாஸ் வந்து இறங்கினார்.

அவர் ஐரோப்பியர் அல்லர். கோவாவின் பெனோலிம் ஊரில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கொங்கணிக் குடும்பமொன்றில் பிறந்தவர். சங்கோலே என்ற ஊரில் வளர்ந்தார். வீட்டில் கொங்கணி, பள்ளியில் போர்த்துக்கேயம், பிறகு இலத்தீன் என்று படித்தார். 1676இல் குருவானார். கோவாவில் அப்போதிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் உள்ளூர்க் குருமாரைச் சேர்க்கத் தயங்கின. அதனால் உள்ளூர்க் குருமார் சிலர் சேர்ந்து தங்களுக்கென ஒரு குழுவை அமைத்தார்கள். 1685இல் அதில் சேர்ந்த யோசப் வாஸ், அதைப் பிலிப்பு நேரியாரின் ஒழுங்கில் நிலைபெறச் செய்தார்.

இலங்கையில் கத்தோலிக்கர் ஆண்டுக்கணக்காகக் குருவானவரைக் காணாமல் இருக்கிறார்கள் என்ற செய்தி இளம் வயதிலேயே அவரை உறுத்தியது. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே 1686இல் புறப்பட்டார். கூட யோவான் என்ற இளைஞன். தூத்துக்குடியில் தோணி ஏறி, மன்னார் வழியாக இருவரும் யாழ்ப்பாணத்தை அடைந்தார்கள். வந்த உடனேயே அடிகளாருக்குக் கடும் வயிற்றோட்டம் கண்டது. முன்பின் தெரியாத பிச்சைக்காரனைத் தங்கள் வீட்டில் வைத்திருக்க எவரும் விரும்பவில்லை. ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால்தான் இருவரும் பிழைத்தார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வரலாற்றில் இல்லை.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அது அவருடைய கேள்வி. செபமாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். பல வாசல்களில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு வீட்டில் அதை அடையாளம் கண்டார்கள். மெல்ல விசாரித்து, நம்பலாம் என்று தெரிந்த பிறகே தான் ஒரு குரு என்பதைச் சொன்னார். அவரைப் பண்டத்தரிப்புக்கு அருகே உள்ள சில்லாலைக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். வலிகாமத்தின் மேற்குக் கரையோரம் அது. கடல்நீரேரிக்கு அப்பால் தீவுகள்.

பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தார். ஒரு வீட்டில் மக்கள் கூடுவார்கள். பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம் எல்லாம் விடிவதற்குள் முடிய வேண்டும். விடிந்தால் அந்த வீடு வெறும் வீடாக இருக்க வேண்டும். பிடிபட்டால் தண்டனை அவருக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரருக்கும் உண்டு.

இங்கேதான் பிள்ளைகளின் கதை வருகிறது. முப்பது ஆண்டுகள் குருவானவர் இல்லாத ஊரில், பெரியவர்களுக்கே செபம் பாதி மறந்துபோயிருந்தது. சிலருக்குத் தொடக்கம் நினைவிருந்தது, முடிவு இல்லை. சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மட்டும் தெரிந்தது. ஒரு குரு ஓர் ஊருக்கு மாதத்தில் ஓர் இரவு வரலாம், அல்லது ஆண்டுக்கு ஓரிரவு. மீதி இரவுகளில் யார் சொல்லிக்கொடுப்பது?

இந்தக் கேள்வி தமிழ்க் கரையில் புதியதல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இதையே சந்தித்தார். தமிழ் அறியாத அவர், செபங்களைத் தமிழில் எழுதுவித்துத் தானே மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். இங்கே படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். தமிழில் முதலில் அச்சேறிய நூல்களும் இந்தத் தேவையில் பிறந்தவைதான். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்டது. விசுவாசத்தின் அடிப்படைகளையும் செபங்களையும் எளிய மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான கைநூல் அது. அதற்கும் முன், 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் செப நூல் ஒன்று உண்டு. இந்தப் பழைய அச்சு நூல்களை ஆராய்ந்து தமிழுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், ஊர்காவற்றுறைக் கரம்பொனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார்.

யோசப் வாஸ் அடிகளாரிடம் அச்சுக்கூடம் இல்லை. கையில் மணி அடிக்கவும் முடியாது. அவர் செய்தது வேறு. முதலில் தமிழைப் படித்தார், சனங்கள் பேசுகிற தமிழை. பிறகு ஊர்களில் நம்பிக்கையான ஆட்களைத் தேடிப் பொறுப்புக் கொடுத்தார். மூப்பர் கோவில் காரியங்களைப் பார்த்தார். அண்ணாவியார் செபங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிக் கையெழுத்துப் பிரதியிலிருந்து செபங்களை வாசித்தவர் அண்ணாவியார்தான். சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒழுங்கை யோசப் வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் வந்த ஒறற்றோரியன் குருமாரும் இலங்கை எங்கும் வளர்த்தார்கள்.

எங்கள் ஊர்களில் அண்ணாவியார் என்றால் இன்று கூத்துப் பழக்குகிறவர். அவர் பழக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தான் ஓர் அடி பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும். பிழைத்தால் அவரே மறுபடி பாடிக் காட்டுவார். எழுத்துத் தெரியாத பிள்ளையும் முழுக் கூத்தைப் பாடிவிடும். செபத்தையும் அப்படித்தான் வாயிலிருந்து வாய்க்குக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குத் தெரிந்த செபம் பிடுங்க முடியாத செபம். வீட்டைச் சோதனையிடும் சிப்பாய்க்குச் செபமாலை அகப்படலாம், ஏட்டுச்சுவடி அகப்படலாம். நான்கு வயதுப் பிள்ளையின் நாவில் இருப்பது அகப்படாது.

ஆனாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கிறிஸ்மஸ் இரவில் பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றிவளைத்தார்கள். அடிகளார் தப்பிவிட்டார். பிடிபட்டவர்களில் சிலர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். ஒல்லாந்தரின் சபையை விட்டுக் கத்தோலிக்கரான ஒருவர் அடிபட்டே இறந்தார். மற்றவர்கள் கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டு மடிந்தார்கள். தன்னை மறைத்து வைத்ததற்காக மக்கள் இறந்தார்கள் என்ற எண்ணத்தோடு ஒரு மனிதர் எப்படி அடுத்த ஊருக்கு நடந்திருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

நடந்தார். 1690 அளவில் புத்தளத்துக்கும் 1692இல் கண்டிக்கும் போனார். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். சிறையில் இருந்தபடியே சிங்களத்தைப் படித்தார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நம்பி, நடமாடவும் செபிக்கவும் இடம் கொடுத்தான். பௌத்த மன்னனின் நிழலில்தான் அந்தக் கத்தோலிக்கக் குரு உயிரோடு இருந்தார் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டார்கள். அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்த குருவும் அவர்களுக்குக் குடிசை போட்டு, கஞ்சி காய்ச்சி, புண்ணைக் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தனக்குக் கஞ்சி கொடுத்த பெண்ணிடம் கற்றதை அவர் அங்கே திருப்பிச் செய்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1705இல் கோவாவிலிருந்து யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் எழுதியவை ஏராளம். தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் ஒப்பாரி போல இசைத்து வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. யோசப் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். வயது 59. கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 1995இல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அன்று பின்னேரமே திருத்தந்தை மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே கூடியிருந்தார்கள்.

ஒல்லாந்தர் 1796இல் இலங்கையை விட்டுப் போனார்கள். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஆங்கிலேயர் 1806இல் நீக்கினார்கள். அப்போது நடந்ததைக் கவனிக்க வேண்டும். பதிவேடுகளில் ஒல்லாந்தச் சபையினராக இருந்த பெருந்தொகையான மக்கள் சில ஆண்டுகளுக்குள் இல்லாமல் போனார்கள். பெரும்பாலோர் தங்கள் முன்னோரின் சைவத்துக்கே வெளிப்படையாகத் திரும்பினார்கள். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது கூரையில்லாத கோவில்களைத்தான் கண்டார்கள். தடைசெய்யப்பட்டிருந்த செபமோ வீடுகளிலிருந்து வெளியே வந்தது. கட்டாயத்தில் ஒப்புவித்தது போய்விட்டது. அம்மம்மா கை பிடித்துப் பழக்கியது நின்றது. சைவ வீட்டில் தாய் திருநீறு பூசிச் சொல்லிக்கொடுத்த தேவாரமும் இதே காரணத்தால்தான் நின்றது.

எங்கள் காலத்துக்கு வருகிறேன். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது அம்மம்மா ஊர்காவற்றுறை வீட்டை விட்டு ஓடினார். செபப் புத்தகமும் சுரூபமும் வீட்டோடு போயின. நான் அதன் பிறகு பிறந்தவன். எனக்குச் செபம் சொல்லித்தந்தது இடம்பெயர்ந்த வீடுகளிலும் பங்கருக்குள்ளும்தான். பொம்பர் சத்தம் கேட்டால் அம்மம்மா செபமாலையின் முதற்பாதியைச் சொல்லுவார், நாங்கள் பிற்பாதியைச் சொல்ல வேண்டும். பயத்தில் நாங்கள் கத்துவதைத் தடுக்க அவர் கண்ட வழி அது என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த அடி எங்களுடையது என்பதால் வாய் தயாராக இருக்கும். குருவானவர் எங்கே, கோவில் எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.

2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் செல் விழுந்தது. பலர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபட்டவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமைக்குப் பிறகு, ஆகஸ்ட் 20ஆம் திகதி, அவரும் கூடப் போன ஒருவரும் காணாமலாக்கப்பட்டார்கள். இன்றுவரை பதில் இல்லை. யோசப் வாஸ் அடிகளாரின் சபையை உண்டாக்கிய புனிதரின் பெயர் தாங்கிய கோவில் உள்ள ஊரில், குருவானவர் இல்லாத நாட்கள் மறுபடியும் வந்தன.

மாமி வீட்டுக்குத் திரும்புகிறேன். சிலுவை அடையாளம் போடப் பழகிய அந்தப் பிள்ளையின் அக்காவுக்கு ஒன்பது வயது. ஞாயிறு மறைக்கல்விக்குப் போகிறாள். செபங்களைப் பிழையில்லாமல் சொன்னால் புள்ளி, பரிசு. அன்று அவள் மாமியிடம் ஒன்று கேட்டாள். காணாமல்போன பெரியப்பா திரும்பி வரவேண்டும் என்று ஒவ்வொரு இரவும் சொல்கிறோமே, ஏன் இன்னும் வரவில்லை என்று. நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். நல்ல பதிலொன்று வரும் என்று எதிர்பார்த்தேன். மாமி பதில் சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து இருத்தி, வழமைபோல முதற்பாதியைச் சொல்லத் தொடங்கினார்.

புள்ளி போடுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதைச் செய்கிற இளம் ஆசிரியைகள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். ஆனால் பரீட்சைக்குப் படித்த செபம் பரீட்சையோடு போய்விடக்கூடும் என்பதை ஒல்லாந்தரின் பதிவேடு எங்களுக்குக் காட்டியிருக்கிறது. பிள்ளை கேட்கிற கடினமான கேள்விக்கு விடை இல்லாதபோதும் கூட இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். யோசப் வாஸ் அடிகளார் ஊர் ஊராக விட்டுப்போனது அப்படிப்பட்ட ஆட்களைத்தான்.

அன்றிரவு மாமி சொல்ல, ஒன்பது வயதுக்காரி பிற்பாதியைச் சொன்னாள். சின்னவள் நடுவில் தூங்கிப்போனாள். அவள் விட்ட இடத்தை நான் சொல்லி நிரப்பினேன். கனகாலத்துக்குப் பிறகு சொன்னேன். ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை.